'பட்டினிக் கெடு': ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டினி கிடக்கும் மீன்குஞ்சு, இரை கிடைத்தாலும் இனி உண்ண முடியாத நிலையை அடையும் நாளை ஆங்கிலத்தில் 'point of no return' என்கிறார்கள். அதற்குத் தமிழில் இங்கே முன்வைக்கப்பட்ட 'திரும்ப முடியாப் புள்ளி' எனக்கு நெருடுகிறது. அது சொல்லைப் பெயர்க்கிறது, மீன்குஞ்சுக்கு நேர்வதைச் சொல்லவில்லை.

1963இல் மீன் ஆய்வாளர்கள் பிளாக்ஸ்டரும் ஹெம்பெலும் ஹெர்ரிங் குஞ்சுகளை வைத்து இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். நம் மத்திக்கு உறவான மீன் அது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சில நாட்கள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைக் கொண்டே வாழ்கிறது. அது தீர்வதற்குள் வாய் திறந்து, கண் கருத்து, இரை தேடத் தொடங்கிவிட வேண்டும். நல்ல நிலையிலுள்ள குஞ்சு இரையைக் கண்டதும் உடலைப் பாம்புபோல் வளைத்துச் சட்டென்று பாயும். பட்டினி நீண்டால் தசை கரைகிறது, குடற்சுவர் மெலிகிறது, உடல் சுருங்கித் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. அதன்பின் வாயருகே இரை மிதந்தாலும் அது பாய்வதில்லை. உயிர் இன்னும் சில நாள் இருக்கும். உண்ணும் வலு இருக்காது. குஞ்சுகளில் பாதி இந்த நிலையை அடையும் நாளைத்தான் அவர்கள் எல்லையாகக் கொண்டார்கள்.

ஆகவே நமக்கு வேண்டியது இடத்தைக் குறிக்கும் சொல் அல்ல, காலத்தைக் குறிக்கும் சொல். அதற்குத் தமிழில் 'கெடு' இருக்கிறது. 'பட்டினிக் கெடு' என்பது என் பரிந்துரை. 'பசிக் கெடு' வேண்டாம்; பசி என்பது உணர்வு, பட்டினி என்பது உணவில்லாமல் கிடப்பது.

கெடு என்றால் யாரோ விதிப்பதல்லவா என்று கேட்கலாம். இங்கே முட்டையின் அளவும் நீரின் வெப்பமும் விதிக்கின்றன. பெரிய முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குக் கருவுணவு மிகுதி, கெடுவும் நீளம். நீர் சூடேறினால் கரு விரைவில் தீரும், கெடு சுருங்கும். இந்த வாக்கியங்களில் 'புள்ளி'யைப் போட்டுப் பாருங்கள். புள்ளி எப்படி நீளும், எப்படிச் சுருங்கும்?

இதே கருத்துக்கு இன்னொரு சொல்லாக வரும் 'மீளாப் பட்டினி'யையும் கைவிட வேண்டாம். 'மீளாத் துயில்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது உடனே விளங்கும். கெடு கடந்தபின் குஞ்சு இருக்கும் நிலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு சொல், நிலைக்கு ஒரு சொல். இவற்றோடு குழப்பக் கூடாத இன்னொரு கருத்தும் உண்டு. 1914இல் நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் மீன்வளத்தின் ஏற்ற இறக்கத்தை முதல் இரை கிடைக்கும் காலத்தோடு இணைத்துப் பேசினார். அந்தக் காலத்தை 'நெருக்கடிப் பருவம்' எனலாம். பட்டினிக் கெடு அதற்குள் அடங்கும், அதுவே ஆகாது.

கெடு கடந்த குஞ்சுகளை 'கெடு கடந்தவை' என்றே எழுதலாமா, தனிச்சொல் தேவையா? குஞ்சு பொரிப்பகங்களில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.