3+2-க்கும் 90+30-க்கும் ஒரே செஸ் கடிகாரம் சரிவருமா? நேரம் ஏறுவதில் குழப்பம்

ஓரச்சிப்பாய் (கேள்வி)

எங்கள் குழுவில் இரண்டு வகை டிஜிட்டல் கடிகாரம் இருக்கிறது. 'அ' வகையில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும் லீவர். 'ஆ' வகையில் இரண்டு பக்கமும் தனித்தனி பட்டன். பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) 3+2 ஆடுகிறோம், அதாவது ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல் (இன்கிரிமென்ட்). கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) என்றால் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், அப்புறம் 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடி இன்கிரிமென்ட்.

3+2 வைத்தால் 'அ' 3:02-இல் தொடங்குகிறது, 'ஆ' 3:00-இல் தொடங்குகிறது. எது சரி? அடுத்தது, 'அ'-வில் 40-வது நகர்த்தல் முடிந்தும் 30 நிமிடம் ஏறவில்லை. 'ஆ'-வோ பிளிட்ஸில் வேகமாகத் தட்டும்போது சில சமயம் அணைந்து, முதலிலிருந்து எரிகிறது. இன்னும் சில கடிகாரம் வாங்க வேண்டும், எந்த வகை நல்லது?

கொடிக்காவலன்

'அ' காட்டுவது சரி. இன்கிரிமென்ட் முதல் நகர்த்தலிலிருந்தே உண்டு என்றால் அந்த முதல் 2 விநாடி ஆட்டம் தொடங்கும்போதே கையில் இருக்க வேண்டும். அதனால்தான் 3:02. கிளாசிக்கலில் இதே கணக்கில் 1:30:30 தெரியும்.

'ஆ' 3:00 காட்ட இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது நகர்த்தி அழுத்திய பிறகுதான் சேர்க்கிறது. அப்படியானால் அடிப்படை நேரத்தை 3 நிமிடம் 2 விநாடி என்று கையால் வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, அது ஃபிஷர் முறையிலேயே (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முழு இன்கிரிமென்டும் சேரும் முறை) இல்லாமல் இருப்பது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வெள்ளையின் நேரத்தை ஓடவிட்டு, ஒரு விநாடி குறைந்ததும் அழுத்துங்கள். 3:01-க்கு ஏறினால் ஃபிஷர். 2:59-க்கு இறங்கி, அழுத்தியதும் மறுபடி 3:00-இல் நின்றால் ப்ரான்ஸ்டீன், அதாவது செலவான நேரம் மட்டும் திரும்பி வரும் டிலே (தாமத) முறை. முதல் 2 விநாடி எண்ணே அசையாமல் இருந்தால் சாதாரண டிலே.

ஓரச்சிப்பாய்

2:59 வந்து, அழுத்தியதும் 3:00. எத்தனை முறை வேகமாக அழுத்தினாலும் 3:00-ஐத் தாண்டவே இல்லை.

கொடிக்காவலன்

அப்படியென்றால் ப்ரான்ஸ்டீன்தான். நீங்கள் '2' என்று கொடுத்தது இன்கிரிமென்டாகப் போகாமல் டிலேயாகப் போயிருக்கிறது. மெனுவில் நேரத்தை வைக்கும் முன் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும், அங்கே ஃபிஷருக்கு மாற்றுங்கள். பெயர் இல்லாமல் எண் மட்டும் வரும் கடிகாரம் என்றால் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

ஆட்டத்தில் இது பெரிய வித்தியாசம். ஃபிஷரில் அரை விநாடியில் பதிலடி கொடுத்தால் ஒன்றரை விநாடி சேமிப்பு. எண்ட்கேமில் 4 விநாடி மிச்சம் வைத்திருப்பவர் பத்து நகர்த்தலில் 15 விநாடிக்கு மேல் தேற்றிவிடலாம். ப்ரான்ஸ்டீனில் செலவழித்ததுதான் திரும்பி வரும், சேமிப்பே கிடையாது. போதாததற்கு, டிலேயை முன்கூட்டிச் சேர்க்காத உங்கள் கடிகாரத்தில் 1 விநாடி மிச்சமிருந்தால் அந்த ஒரு விநாடிக்குள் அழுத்தியாக வேண்டும். சாதாரண டிலேயாக இருந்தால் 3 விநாடி கிடைத்திருக்கும்.

யானைப்பாகன்

40-வது நகர்த்தல் விஷயம் பழுதில்லை. இரண்டாம் கட்ட நேரத்தை இரண்டு விதமாக ஏற்றலாம். ஒன்று, அழுத்தல்களை எண்ணி 40-இல் ஏற்றுவது. இன்னொன்று, முதல் 90 நிமிடம் பூஜ்யத்தைத் தொடும்போது ஏற்றுவது. உங்கள் 'அ' இரண்டாவது விதம். 41-வது நகர்த்தலில் 12 நிமிடம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது தீர்ந்ததும் 30 நிமிடம் தானாக வரும்.

எண்ணிக்கையை நம்பி ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒருவர் அழுத்த மறந்து, எதிராளியும் கவனிக்காமல் நகர்த்திவிட்டால் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிடும். 40 நகர்த்தியும் கடிகாரக் கணக்கில் 39தான், நேரம் தீர்ந்தால் கொடி விழுந்ததாக (நேரத்தில் தோற்றதாக) காட்டும். விதிமீறிய நகர்த்தலைத் திருப்பி ஆடவைத்தால் எதிர்ப்பக்கமாகத் தப்பும், ஒன்று கூடிவிடும். அதனால் நடுவர் கடிகாரத்தை நிறுத்தித் திருத்தும்போது நேரத்தோடு நகர்த்தல் எண்ணையும் திருத்தியாக வேண்டும்.

பூஜ்யத்தில் ஏற்றும் முறையிலும் ஒரு பொறுப்பு உண்டு: 90 நிமிடம் தீர்ந்தபோது 40 முடிந்ததா என்பதைக் கடிகாரம் சொல்லாது, நகர்த்தல்களை எழுதிய தாள்தான் சொல்லும். இன்கிரிமென்ட் 30 விநாடி என்பதால் 5 நிமிடத்துக்குக் கீழே போனாலும் எழுதுவதை நிறுத்த முடியாது.

கறுப்புக்குதிரை

அணைந்து எரிவது பெரும்பாலும் பேட்டரி தொடர்புதான். தட்டும் அதிர்வில் செல் ஒரு கணம் ஸ்பிரிங்கை விட்டு விலகுகிறது. மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிடுங்கள். தகட்டில் வெள்ளைப் பூப்பு இருந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செல் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் என்பதால் சில கடிகாரங்களில் பேட்டரி எச்சரிக்கை சீக்கிரமே வரும்.

வாங்குவதைப் பற்றி: இரண்டு வகை ஆட்டத்துக்கும் ஒரே கடிகாரம் என்றால் லீவர்தான் என் தேர்வு. யார் நேரம் ஓடுகிறது என்பது நான்கு மேசை தள்ளி நிற்கும் நடுவருக்கும் தெரியும். பட்டன் வகையில் விளக்கையோ திரைக் குறியையோ தேட வேண்டும். விரல் பட்டாலே மாறும் தொடு உணரி வகை பிளிட்ஸுக்குச் சுகம், ஆனால் வெட்டிய காயைக் கையில் வைத்துக்கொண்டு அதாலேயே தட்டுபவருக்கு அது மாறாது. (அந்தப் பழக்கத்தையே விடச்சொல்வது நல்லது.)

கிளாசிக்கலுக்குத் திரையைப் பாருங்கள். டிஜிடி நிறுவனத்தின் 2010 மாடலில் 20 நிமிடத்துக்கு மேல் மணியும் நிமிடமும் மட்டும்தான். டிஜிடி 3000 எப்போதும் விநாடியையும் காட்டும், மின்பலகையோடும் (நகர்த்தலைத் தானே பதிவுசெய்யும் பலகை) இணையும். மின்பலகை இல்லாத குழுவுக்கு 2010 தாராளம்.

எதை வாங்கினாலும் நகர்த்தல் எண்ணிக்கையைத் திரையில் வரவழைத்து, இரு பக்கமும் மாறி மாறி மிக வேகமாக, பக்கத்துக்கு 20 முறை அழுத்துங்கள். 20-க்குக் குறைவாகக் காட்டினால் தொடர்பு அழுத்தலை விழுங்குகிறது, பிளிட்ஸுக்கு உதவாது. போன் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு மணிநேரம் ஓட்டியும் பாருங்கள். குவார்ட்ஸ் ஒரு நாளைக்கே ஓரிரு விநாடிதான் தப்பும், ஒரு மணியில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓரச்சிப்பாய்

ஸ்பிரிங்கை இழுத்துவிட்டதும் அணைவது நின்றது, நன்றி. ஒருவேளை கிளாசிக்கல் பாதியில் அணைந்தால் என்ன செய்வது?

யானைப்பாகன்

பழுதான கடிகாரத்தை நடுவர் மாற்றி, தன் மதிப்பீட்டில் இருவர் நேரத்தையும் வைப்பார். அதற்காகவே பத்து நகர்த்தலுக்கு ஒருமுறை இரு பக்க நேரத்தையும் தாளில் குறித்துவைப்பது நல்லது. மாற்றும்போது யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். இருவருமே இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டால், மிச்ச நேரத்தை ஒரே கட்டமாக 30 விநாடி ஃபிஷரில் வையுங்கள். பழையபடி இரு கட்டமாக வைத்தால் பூஜ்யத்தில் இன்னொரு 30 நிமிடம் இலவசமாக ஏறிவிடும்.