சண்டர்லாந்து 76 பாயின்ட்ல மேல போச்சு, செஃபீல்ட் 90 எடுத்தும் கீழயே நிக்குது, இது என்ன கணக்கு?

ஆஃப்சைடு ஆறுமுகம்

மக்களே ஒரு டவுட். இவ்ளோ நாளா பிரீமியர் லீக் மட்டும்தான் பாப்பேன், அதுக்கு அடுத்த கீழ் லீக்கான சாம்பியன்ஷிப் பக்கம் எட்டிக்கூட பாத்ததில்ல. சண்டர்லாந்து மேல வந்து முதல் மேட்ச்லயே வெஸ்ட் ஹாமை 3-0 அடிச்சதும் யார்ரா இவங்கன்னு 2024-25 டேபிளைத் தேடி எடுத்தேன், தலை சுத்திடுச்சு. லீட்ஸ் 100, பர்ன்லி 100, ரெண்டு பேரும் நேரா மேல, சரி. மூணாவது செஃபீல்ட் யுனைடெட் 90. நாலாவதுதான் சண்டர்லாந்து, வெறும் 76. அதுலயும் கடைசி அஞ்சு லீக் மேட்சும் வரிசையா தோல்வி. ஆனா மேல போனது இவங்க! 46 மேட்ச் ஆடி 14 பாயின்ட் பின்னாடி வந்தவன் கடைசில ஒரு மேட்ச் ஜெயிச்சு போயிடலாம்னா அந்த 46 எதுக்கு? நெஜமாவே நல்ல டீமா, இல்ல சும்மா அதிர்ஷ்டமா? சீசன் முழுக்க பாத்தவங்க சொல்லுங்க, ஹைலைட்ஸ் மட்டும் பாத்தவங்க தயவுசெஞ்சு வேணாம்.

ராத்திரி கோலி

தம்பி டேபிளைப் பாத்தா சரி, ஆனா அந்த அஞ்சு தோல்வியை எடுத்துட்டு மீதியைக் கூட்டிப் பாத்தியா? மொத்தம் 21 ஜெயிச்சு 13 டிரா 12 தோல்வி. கடைசி அஞ்சு போனா 41 மேட்ச்ல ஏழே தோல்வி, அப்போ அந்த 76 பாயின்ட்டும் 41 மேட்ச்லயே வந்தது. அதே வேகத்துல முடிச்சிருந்தா 85 கிட்ட போயிருக்கும். அப்புறம் ஏன் விட்டாங்கன்னா மேல மூணாவது இடம் கைக்கு எட்டல, கீழருந்து துரத்தி வர ஆளும் இல்ல (ஏழாவதா முடிச்ச பிளாக்பர்ன் கடைசில 66 தான்), பிளேஆஃப் (மூணுல இருந்து ஆறாவது வரை வந்தவங்க மேல போற கடைசி எடத்துக்கு ஆடின செமி, ஃபைனல்) உறுதி, சிலருக்கு காயம், கோச் லெ ப்ரி ஆளுங்களை மாத்தி மாத்தி எறக்கினார். அதுக்காக அஞ்சும் வேணும்னே தோத்தாங்கன்னு நான் சொல்ல வரல, சில மேட்ச் பாக்கவே சகிக்கல.

ரெஜிஸ் லெ ப்ரி யாருன்னே அப்போ பாதி பேருக்குத் தெரியாது. பிரான்ஸ்ல லோரியாங்ங்கற டீமோட சேந்து ரெலிகேட் ஆயிட்டு (கீழ் லீக்குக்கு விழுந்துட்டு) வந்த கோச், முந்தின சீசன்ல 16வது வந்த டீம், எல்லாரும் மறுபடியும் நடு டேபிள்தான்னு நெனச்சோம். வந்தவர் முதல் நாலு மேட்சையும் ஜெயிச்சார், அதுல பர்ன்லியை 1-0 அடிச்சதும் ஒண்ணு. சீசன் முழுக்க 16 கோல் மட்டுமே வாங்கின பர்ன்லி அது, 46 மேட்ச்ல 30 க்ளீன் ஷீட், அதாவது கோலே வாங்காத மேட்ச்! டீமைப் பாத்தா பாதி பேர் சின்னப் பசங்க. கிரிஸ் ரிக்குக்கு 17 வயசு, ஜோப் பெல்லிங்ஹாமுக்கு 19, மயெண்டாவும் அப்டித்தான். முன்னாடி வில்சன் இசிடோர், ஜனவரில ரோமால இருந்து லோன்ல என்ஸோ லெ ஃபே.

என்னைக் கேட்டா இவங்க நேரா மேல போகாம போனது பெரிய டீம்கூட ஆடின மேட்ச்லதான். ஜனவரில பர்ன்லி கிரவுண்ட்ல 0-0, கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு பெனால்டி கெடைச்சுது, ரெண்டையும் இசிடோர்தான் அடிச்சான், ரெண்டையும் பர்ன்லி கீப்பர் டிராஃபோர்டு புடிச்சுட்டான். பிப்ரவரில லீட்ஸ்ல போய் 1-0 லீடிங்ல இருந்து கடைசி 15 நிமிஷத்துல அவங்க பாஸ்கல் ஸ்ட்ரைக் ரெண்டு ஹெட்டர் போட்டு 2-1, ரெண்டாவது ஸ்டாப்பேஜ் டைம்ல. ஆனா அதே லீட்ஸ்கிட்ட அக்டோபர்ல 97வது நிமிஷம் ஆலன் பிரவுன் சும்மா உள்ள தூக்கிப்போட்ட பந்து குத்தி எகிறி கீப்பர் மெஸ்லியேயைத் தாண்டி உள்ள போய் 2-2 ஆச்சு, அதையும் சொல்லணும் இல்ல.

பிளேட்ஸ் பாலு

செஃபீல்ட் சப்போர்ட்டரா ரொம்ப நாள் பொறுமையா இருந்தேன், இந்தக் கேள்வியைப் பாத்ததும் வயிறு எரியுது. 90 கூட இல்ல தலைவா, நாங்க கிரவுண்ட்ல எடுத்தது 92. முன்னாடி ஒரு சீசன்ல மத்த கிளப்புங்களுக்கு பணம் கட்டாம இழுத்தடிச்சதுக்கு லீக்கை நடத்துற இஎஃப்எல் ரெண்டு பாயின்ட் வெட்டிடுச்சு, அது எங்க தப்புதான். செமில பிரிஸ்டல் சிட்டியை ரெண்டு லெக்லயும் (அவங்க ஊர்ல ஒரு மேட்ச், எங்க ஊர்ல ஒரு மேட்ச்) 3-0, மொத்தம் 6-0. வெம்ப்ளில சண்டர்லாந்துகூட ஃபைனல், எங்க டைரிஸ் கேம்ப்பெல் 25வது நிமிஷம் போட்டான். அதுக்கப்புறம் பர்ரோஸ் ரெண்டாவதும் அடிச்சான், நான் இங்க சேரைத் தள்ளிட்டு குதிக்கிறேன், ரெஃப்ரி டிவி கிட்ட நடந்து போறார். வினி சௌஸா ஆஃப்சைடுல நின்னு கீப்பர் பார்வையை மறைச்சானாம், கோல் கேன்சல். சாம்பியன்ஷிப்ல சீசன் முழுக்க விஏஆர் (வீடியோ பாத்து தீர்ப்பை மாத்தறது) கெடையாது, ஃபைனல்ல மட்டும் உண்டு. 46 மேட்ச் ஒரு ரூல்ல ஆடிட்டு, எல்லாத்தையும் முடிவு பண்ற மேட்சை வேற ரூல்ல ஆடறது, இதைவிடக் கொடுமை என்ன இருக்கு?

ரூல்படி அது ஆஃப்சைடுதான், அதை நான் மறுக்கல. 2-0 ஆயிருந்தா அந்தப் பசங்க திரும்பி வந்திருக்க மாட்டாங்க, அவ்ளோதான் சொல்றேன். பிளேஆஃப்ல பத்து தடவை போய் பத்தும் புட்டுக்கிச்சு எங்களுக்கு.

கணக்குப்பிள்ளை

பாலு அண்ணே உங்க வலி புரியுது, ஆனா 90 எடுத்து மாட்டிக்கிட்டது நீங்க மட்டும் இல்ல. அதுக்கு முந்தின வருஷம் 2023-24ல லீட்ஸும் அதே 90, அதே மூணாவது, ஃபைனல்ல நாலாவதா வந்த சவுத்தாம்ப்டன்கிட்ட 0-1. இன்னும் பின்னாடி போனா 2017ல ஹடர்ஸ்ஃபீல்ட் போட்ட கோலைவிட வாங்கின கோல் அதிகமா வச்சுக்கிட்டே பிரீமியர் லீக் போச்சு. செமி, ஃபைனல் ரெண்டுமே பெனால்டி ஷூட்அவுட், நடுவுல அவங்களுக்கு விழுந்த ஒரே கோலும் எதிராளி போட்ட ஓன் கோல். அதோட பாத்தா சண்டர்லாந்து தங்கம்.

ஆறுமுகம், நியாயம் பேசணும்னா பாயின்ட்டை மட்டும் பாக்காதீங்க, பையையும் பாருங்க. மேல மூணு பேரும் பாராஷூட் பேமென்ட் வாங்கினவங்க. அதாவது பிரீமியர் லீக்ல இருந்து கீழ விழுந்தா டிவி பணத்துல ஒரு பங்கு, முதல் வருஷம் 55%, அடுத்து 45%, மூணாவது வருஷம் 20%. பர்ன்லி, செஃபீல்ட் ரெண்டும் அப்போதான் விழுந்து முதல் வருஷம், லீட்ஸுக்கு ரெண்டாவது. சண்டர்லாந்து விழுந்தது 2017, அந்தப் பணம் எப்பவோ தீந்துபோச்சு. அதனாலதான் சின்னப் பசங்களா வாங்கி வளத்து விக்கிற ரூட். 23 வயசுல கிளப்பை வாங்கின லூயி-ட்ரேஃபுஸ் போட்ட பிளானே அதுதான். புதுத்துணி போட்டவன்கூட ஓட்டப்பந்தயத்துல அண்ணன் சட்டை போட்டு ஓடற மாதிரி ஓடி நாலாவது வந்தாங்க, அதை நான் கொறை சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, அந்த ஒரு மேட்ச் ஜெயிச்சா கொறஞ்சது 20 கோடி பவுண்டு வரும்னு கணக்கு சொல்றாங்க. சீசன் நல்லா ஆடினதுக்கு பரிசு இல்ல இது, டிவிக்காக வச்ச லாட்டரின்னு வேணா திட்டுங்க, நானும் கூட சேந்து திட்டறேன். ஆனா பிளேஆஃப் இல்லன்னா பத்தாவது எடத்துல இருக்கிறவனுக்கு மார்ச் மாசமே சீசன் முடிஞ்சிடும்.

ஆஃப்சைடு ஆறுமுகம்

அடேங்கப்பா, 41 மேட்ச்லயே 76ங்கறது எனக்குத் தோணவே இல்ல, டேபிள்ல கடைசி நம்பர் மட்டும்தானே தெரியுது. சரி அப்போ செமி எப்டி? கோவென்ட்ரிகூட கஷ்டப்பட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன். அப்புறம் ஃபைனல்ல கடைசி கோல் போட்ட பையன் டாம் வாட்சன் இப்போ அந்த டீம்லயே இல்லயாமே?

ராத்திரி கோலி

கோவென்ட்ரி நவம்பர்ல 17வது இடத்துல கெடந்த டீம், லாம்பார்டு கோச்சா வந்து அஞ்சாவதுக்கு தூக்கிட்டு வந்தார், ஃபார்ம்ல அவங்கதான் மேல. முதல் லெக் அவங்க ஊர்ல 2-1 சண்டர்லாந்து. ரெண்டாவது லெக் நம்ம நேரத்துக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பம், மேசன்-கிளார்க் போட்டு 1-0, ரெண்டு லெக்கும் சேத்து அக்ரிகேட் 3-3 இல்ல, 2-2, எக்ஸ்ட்ரா டைம், எல்லாருக்கும் கால் புடிச்சுக்கிச்சு, பெனால்டிதான்னு நானே எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன், 122வது நிமிஷம் லெ ஃபே கார்னர், பல்லார்டு தலையால குத்தினது பாரில் பட்டு உள்ள. கத்த முடியல, வீட்ல எல்லாம் தூங்குறாங்க.

வாட்சன் கதை தனி. அகாடமில வளந்த லோக்கல் பையன், ஏப்ரல்லயே பிரைட்டன் சுமார் 1 கோடி பவுண்டுக்கு பேசி முடிச்சிடுச்சு, சீசன் முடிஞ்சதும் கெளம்பறான்னு எல்லாருக்கும் தெரியும். ரசிகருங்க சிலர் கடுப்புல இருந்தாங்க, பிளேஆஃப் நேரத்துல இப்டியா பண்றதுன்னு. ஃபைனல்ல சப்ஸ்டிடியூட்டா வந்தான். 76வது நிமிஷம் பேட்ரிக் ராபர்ட்ஸ் கொடுத்த பாஸை மயெண்டா மேல் வலைல அடிச்சு 1-1. அப்புறம் 95வது நிமிஷம் செஃபீல்ட் பக்கம் விட்ட ஒரு லூஸ் பாலை வாட்சன் புடிச்சு பாக்ஸ் ஓரத்துல இருந்து கீழ் மூலைக்கு, 2-1. திட்டினவங்களே அழுதாங்க. 2019ல இதே வெம்ப்ளில லீக் ஒன் (சாம்பியன்ஷிப்புக்கும் கீழ உள்ள லீக்) பிளேஆஃப் ஃபைனல், சார்ல்டன் 94வது நிமிஷம் போட்டு இவங்களை 2-1 அடிச்சிட்டுப் போச்சு, அதைப் பாத்தவங்களுக்குத்தான் இந்த கோலோட ருசி தெரியும். 2018லயே வந்து லீக் ஒன் காலம் முழுக்க இருந்த ஓ'நீன் இந்த ஃபைனல்ல ஆரம்பத்துலயே தோள்பட்டை அடிபட்டு வெளிய போனான், பாவம், அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

பிளேட்ஸ் பாலு

லூஸ் பால்னு நாசூக்கா சொல்றீங்க. அதை விட்டது யாருன்னு நான் பேர் சொல்ல மாட்டேன்.

ஆஃப்சைடு ஆறுமுகம்

ஹாஹா சாரி பாலு அண்ணே. முழு மேட்ச் ஒண்ணு மட்டும் பாக்கலாம்னா எது? ஃபைனலா?

ராத்திரி கோலி

ஃபைனல் ரிசல்ட் தெரிஞ்சுபோச்சே, அதை ஞாயித்துக்கிழமை சும்மா போட்டுப் பாரு. டீம் எப்டின்னு தெரியணும்னா அந்த பர்ன்லி 0-0 பாரு. கோல் இல்லன்னு கடைசி பத்து நிமிஷத்தை ஓட்டி விட்டுடாத.

கணக்குப்பிள்ளை

பாலு அண்ணே அதே வாரம் பர்ன்லி மேட்ச் பாக்க வேணாம், உங்களுக்கு பிபி இருக்கு.