புதுப்பிப்பு: கவிழ்கிற மினி-இசட், மேற்கூட்டை வெட்டிய பிறகு

என் 1/28 அளவு மினி-இசட் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்) வளைவில் கவிழ்கிறது, மேற்கூட்டில், அதாவது காரின் வெளி உடம்பில், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பெரிய மாற்றம் கண்ணாடியில்தான். கூரைக்குக் கீழே இருந்த தடித்த ஒளிபுகும் பிளாஸ்ரிக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய தாளை ஒட்டினேன். எடை குறைந்தது சில கிராம்தான், ஆனால் அது காரின் உச்சியில் இருந்த பாரம். புவியீர்ப்பு மையம் இறங்கியதும் வளைவில் சாய்வது நன்றாகக் குறைந்துவிட்டது. கவனம்: கண்ணாடி போனால் கூரைத் தூண்கள் பலமிழக்கும். உள்பக்கம் வலைநாடா வைத்துச் சப்பாத்துப் பசை பூசுங்கள்.

சில்லு வளைவுகளை உள்ளே தேய்த்தேன், டயர் உரசுவதில்லை. பின் இறக்கையில் கை வைக்கவில்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்பார்வைக் கண்ணாடிகள் எப்படியும் உடைந்துதான் போகும், நானே வெட்டிவிட்டேன்.

"டயரை மாற்று தம்பி" என்ற அண்ணைக்கு: நீங்கள் சொன்னதும் சரிதான். கிளிநொச்சியில் சோளகம் (தென்மேல் காற்று) தொடங்கினால் நாங்கள் கார் ஓட்டும் மண்டபத்துச் சீமெந்துத் தரை முழுக்கக் கிரவல் தூசி, எந்த மேற்கூட்டைப் போட்டாலும் டயருக்குப் பிடி வராது. ஓடமுன் ஈரத்துணியால் துடைக்கிறோம்.

அடுத்தது பொலிகாபனேற் (மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்ரிக்) மேற்கூடு. அதற்கு உள்பக்கம் அடிக்கிற பெயின்ற் வவுனியாவில் கிடைக்குமா?