சிரிச்சுக்கிட்டே படிக்க சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டசி சீரிஸ் எதுல ஆரம்பிக்கலாம்?

மண்டபம்_வடக்கு:
வணக்கம் மக்களே. தடைக்காலம் வந்துருச்சு, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனில கணக்கு பாக்குற எனக்கும் வேலை கம்மி, அதான் நிறைய படிக்கலாம்னு இருக்கேன். சுஜாதாவோட என் இனிய இயந்திரா படிச்சதுல இருந்து அதுல வர்ற ரோபோ நாய் ஜீனோ மேல அப்புடி ஒரு பிரியம், மீண்டும் ஜீனோவும் முடிச்சாச்சு. அதே மாதிரி லேசா, சிரிப்பா, அடுத்தடுத்து பாகம் வர்ற கதை வேணும். இங்கிலீஷ்னாலும் சரிதான். டெர்ரி ப்ராட்செட்டோட டிஸ்க்வேர்ல்ட் ஃபேன்டசி சீரிஸ்ல 41 நாவலாமே, முதல்ல இருந்து வரிசையா படிச்சாத்தான் புரியுமா?

கீழக்கரை_லாத்தா:
தம்பி, தயவுசெஞ்சு முதல் புத்தகத்துல ஆரம்பிக்காதீங்க. டெர்ரி ப்ராட்செட் 1983ல எழுதுன தி கலர் ஆஃப் மேஜிக், அதுக்கு முன்னாடி வந்த வாள் சண்டை மந்திரவாதி கதைங்கள கிண்டல் பண்ணி எழுதுனது, அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் அதுல முழு சிரிப்பும் கிடைக்கும். 41ம் ஒரே கதை கிடையாது. ஆமை முதுகுல நாலு யானை, அதுக்கு மேல தட்டையா ஒரு உலகம், அது மட்டும்தான் பொது. உள்ள காவல்காரங்க கதை தனி, சூனியக்காரிங்க கதை தனி, எமன் கதை தனி. நீங்க மார்ட் எடுங்க, 1987ல வந்தது. எமன் ஒரு கிராமத்துப் பையன வேலை பழக கூட்டிட்டுப் போவாரு, போன கையோட கறி வாங்கிக் குடுப்பாரு, குதிரைக்கு பிங்கின்னு பேரு வச்சிருப்பாரு, அவர அவ்ளோ பிடிச்சுப்போகும் நமக்கு. அத்தியாயம் பிரிக்காம ஒரே ஓட்டமா எழுதிருப்பாரு, ராத்திரி எடுத்தீங்கன்னா நிப்பாட்ட இடம் கிடைக்காது.

தங்கச்சிமடத்தான்:
லாத்தா சொல்றது சரிதான், ஆனா நான் காவல்காரங்க வரிசையத்தான் சொல்லுவேன். கார்ட்ஸ் கார்ட்ஸ் 1989, அடுத்தது மென் அட் ஆர்ம்ஸ் 1993. அந்த ரெண்டாவதுல வைம்ஸ்னு காவல் தலைவரு பூட்ஸ் பத்தி ஒரு கணக்கு போடுவாரு பாருங்க, காசுள்ளவன் 50 டாலர் குடுத்து நல்ல பூட்ஸ் வாங்குவான், பத்து வருசம் ஆனாலும் கால் நனையாது, இல்லாதவன் 10 டாலர் பூட்ஸே மாத்தி மாத்தி வாங்கி அதே பத்து வருசத்துல 100 டாலர் செலவழிச்சிருப்பான், கால் மட்டும் ஈரமாவே இருக்கும். நாட்டுப்படகு வச்சிருக்க நம்மாளுக்கு இத விளக்கவே வேணாம். வியாபாரிகிட்ட கடன வாங்கி மட்டமான வலை எடுக்குறான், பாறைல சிக்கி கிழியுது, திரும்ப கடன். இவ்ளோ பெரிய விஷயத்த சிரிக்க வச்சே சொல்ற மனுசன வெறும் காமெடின்னு ஒதுக்குறப்ப எனக்கு நெசமாவே வருத்தமா இருக்கும்.

பாம்பன்_பாலம்:
நல்ல புத்தகம்தான், ஆனா ப்ராட்செட் இங்கிலீஷ் அவ்ளோ லேசு இல்ல, அடிக்குறிப்புலயும் ஜோக் இருக்கும். டக்ளஸ் ஆடம்ஸோட ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு முதல்ல படிங்க, சின்னது. 1978ல பிபிசி ரேடியோ நாடகமா வந்து 1979ல நாவலாச்சு. இலங்கை வானொலில நாடகம் கேட்டு வளந்த ஊரு நம்மது, அதனால அந்த ஒலிப்பதிவும் தேடிக் கேளுங்க, அதான் ஒசத்தி. விண்வெளில பைபாஸ் போடணும்னு பூமியையே இடிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி ஹீரோ வீட்டையும் இடிக்க வருவாங்க, அந்த பிளான் எங்கன்னு கேட்டா ஆபீஸ் பாதாள அறைல பூட்டுன பீரோக்குள்ள இருக்கும். நெலம் எடுக்குற நோட்டீஸ் பாத்தவங்க எல்லாருக்கும் அது புரியும். இந்த வரிசைல ஆடம்ஸ் எழுதுனது மொத்தம் அஞ்சு நாவல், 1992ல வந்த கடைசி ரொம்ப இருட்டா முடியும், மனசு லேசாகணும்னு படிக்கிறவங்க நாலோட நிறுத்திக்கலாம்.

மண்டபம்_வடக்கு:
எல்லாருக்கும் நன்றி. கறி வாங்கிக் குடுக்குற எமன்னதும் முடிவு பண்ணிட்டேன், மார்ட்தான். லாத்தா, அது முடிச்சா எமன் வரிசைல அடுத்து எது?

கீழக்கரை_லாத்தா:
ரீப்பர் மேன், 1991. எமனுக்கே வேலை போயிரும், வயக்காட்டுல அறுப்பு வேலைக்குச் சேருவாரு. கட்டாயம் படிங்க.