மறுமொழி: 'உள்வெடிப்பு', 'நொறுங்காழம்' – நீர்மூழ்கிக் கலைச்சொற்கள்

> நீர்மூழ்கிக் கப்பல் அளவுக்கு மீறி ஆழம் போனால் நேர்வதை 'உள்வெடிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாள்களில் பழகிவிட்ட சொல். அது நேரும் ஆழத்துக்கு 'நொறுங்காழம்' என்பது என் பரிந்துரை.

வணக்கம் ஐயா.

இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது பொருளைத் திரிக்கிறது. இரண்டாவது இலக்கணத்தால் தடுமாறுகிறது.

'உள்வெடிப்பு' என்று படிக்கும் யாரும் கப்பலுக்குள் ஏதோ வெடித்தது என்றே எண்ணுவார்கள். அப்படி நடந்ததும் உண்டு. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க், தன்னுள் இருந்த டார்ப்பிடோக்கள் வெடித்துத்தான் மூழ்கியது. அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ 108 மீட்டர்தான். அந்தக் கப்பலுக்கு அது ஓர் ஆழமே அன்று. நாம் பெயர் தேடும் நிகழ்வில் வெடிப்பதற்கு உள்ளே எதுவும் தேவையில்லை. வெளியிலிருக்கும் நீரின் அழுத்தமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் 44 பேருடன் தொடர்பிழந்தது. கடலுக்கடியில் ஒலி கேட்கும் பன்னாட்டு நிலையங்கள், அசென்சன் தீவருகிலும் குரோசே தீவுகளருகிலும், அன்று காலை ஒரு குறுகிய, வலுவான ஒலியைப் பதிந்திருந்தன. கடற்படை அதை 'வெடிப்பை ஒத்த நிகழ்வு' என்று அறிவித்தது. ஓராண்டு கழித்து 907 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், அதன் உடற்கூடு நீரழுத்தத்தால் நொறுங்கியிருந்தது தெரிந்தது. உறவினர்கள் காத்திருந்த அந்த ஓராண்டில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! தமிழில் இரண்டையும் 'வெடிப்பு' என்ற ஒரே வேருக்குள் அடைக்க நமக்கு என்ன கட்டாயம்?

என் பரிந்துரை 'உள்நொறுங்கல்'. வெடிக்கும் பொருள் தன் ஆற்றலாலேயே வெடிக்கிறது. நொறுங்கும் பொருளை இன்னொன்று நொறுக்குகிறது. புறவிசை அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

இனி ஆழத்துக்கு வருகிறேன். நொறுங்கு + ஆழம் = நொறுங்காழம் என்பது வினைத்தொகையாகச் சரியே. ஆனால் 'நொறுங்கா' என்பது எதிர்மறைப் பெயரெச்சமும் ஆயிற்றே! 'வாடா மலர்' என்று படித்துப் பழகிய கண், நொறுங்காழத்தைக் கப்பல் நொறுங்காத ஆழம் என்று படித்துவிடும். ஆபத்தைக் குறிக்கும் சொல் பாதுகாப்பைக் குறிப்பதாகத் தோன்றுவது எந்தத் துறையிலும் ஏற்கத்தக்கதன்று. முழுமையாகவே 'நொறுங்கல் ஆழம்' என்று எழுதுவோம். நீளம் கூடினால் கூடட்டும்.

இதனோடு இன்னும் இரண்டு ஆழங்களுக்கும் பெயர் வேண்டும். அன்றாடம் ஓடும் ஆழம் 'இயக்க ஆழம்'. (இயங்காழம் என்றால் மீண்டும் அதே சிக்கல்.) புதுக் கப்பலை ஓட்டிப் பார்த்து, இதற்குக் கீழே போகக்கூடாது என்று வரையறுக்கும் ஆழம் 'சோதனை ஆழம்'. அதற்கும் கீழே, வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளியைத் தாண்டி, நொறுங்கல் ஆழம்.

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் இந்த இடைவெளியில்தான் விழுந்தது. சோதனை ஆழம் ஏறத்தாழ 400 மீட்டர். அங்கே ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 400 டன்னுக்கு மேல் எடை அழுத்துகிறது. குழாய் இணைப்பு ஒன்று விட்டு நீர் புகுந்திருக்கலாம், அதனால் அணு உலை நின்றிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. மேலெழ வேண்டுமானால் உயரழுத்தக் காற்றால் தொட்டிகளிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். பாய்ந்த காற்றிலிருந்த ஈரம் உறைந்து வழியை அடைத்திருக்க வேண்டும் என்பதைப் பின்னர் வேறொரு கப்பலில் செய்த சோதனைகள் காட்டின. கப்பல் இறங்க இறங்க உடற்கூடு சற்றே சுருங்கும். சுருங்கினால் மிதவை விசை குறையும். குறைந்தால் இன்னும் வேகமாக இறங்கும். மேலே காத்திருந்த ஸ்கைலார்க் கப்பலுக்கு வந்த கடைசிச் செய்தியில் தெளிவாகக் கேட்டது 'சோதனை ஆழம்' என்ற சொல் மட்டுமே. 129 பேர் இறந்தார்கள். அந்தச் சொல்லை நாம் அக்கறையோடு அமைக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

அன்புடன்.

*

வணக்கம்.

'உள்வெடிப்பு' வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆயினும் ஓர் ஐயம். 'நொறுங்கல்' எளிதில் உடையும் பொருளுக்கே பொருந்தும் அல்லவா? 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் கார்பன் இழையால் ஆனது; அது நொறுங்கியது என்றால் சரி. எஃகு அப்படி உடையாது. வட்டமான கூடு எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தப்படும் வரை தாங்கும். வட்டம் ஓரிடத்தில் சிறிது பிசகினால், பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுவதைப்போல் அந்த இடம் உட்குழியும், பிறகுதான் கிழியும். 'உள்ளொடுங்கல்' பொருந்துமா?

*

வணக்கம் அம்மா.

நீங்கள் சொல்லும் முதல் கட்டத்துக்குத் தனிச்சொல் தேவை என்பது உண்மை. 'ஒடுக்கு' என்ற அடியிலிருந்தே அதை எடுக்கலாம்: 'ஒடுக்குவிழல்'. கட்டடத் தூணுக்கும் தகரத் தொட்டிக்கும்கூடப் பொருந்தும். ஆனால் முழு நிகழ்வுக்கு 'உள்ளொடுங்கல்' வேண்டாம். அது மனமும் மூச்சும் அடங்குவதைச் சொல்லும் அமைதியான சொல். இங்கே ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எஃகும் இறுதியில் துண்டாகிறது: 2021 ஏப்ரலில் பாலிக்கு வடக்கே 53 பேருடன் மூழ்கிய இந்தோனேசியாவின் நங்காலா, 838 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டுகளாகக் கிடந்தது.

வரையறை எழுதும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். நொறுங்கல் ஆழம் கடலுக்கு உரியதன்று, ஒவ்வொரு கப்பலுக்கும் உரியது. டைட்டேனியக் கூடு கொண்ட சோவியத்தின் கொம்சமோலெட்ஸ் 1984-இல் 1,020 மீட்டர் வரை இறங்கி மீண்டது. எனவே 'அக்கப்பலின் நொறுங்கல் ஆழம்' என்றே எடுத்துக்காட்டு வாக்கியம் அமையட்டும்.

கலைச்சொற் பட்டியலில் இப்போதைக்கு இயக்க ஆழம், சோதனை ஆழம், நொறுங்கல் ஆழம், ஒடுக்குவிழல், உள்நொறுங்கல் ஆகியவற்றைச் சேர்க்கிறேன். நீர் புகாத உட்கூட்டுக்கு 'அழுத்தக் கூடு', 'தாங்குகூடு' என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. எனக்குப் பின்னது பிடித்திருக்கிறது. கூட்டின் வேலை அழுத்துவதன்று, தாங்குவது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.