புதுப்பிப்பு: நண்பனின் கேமிங் பிசி தயார்

55 ஆயிரத்துக்குள் 1080பி கேமிங் பிசி, நண்பனுக்கு. ப்ராசசருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போதுமா, இல்லை 5600 எடுத்துத் தனி கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்று கேட்டிருந்தேன். 5600-தான் எடுத்தோம், கூடவே 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு.

5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, சரி. ஆனால் ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600-இல் 32. அதோடு, கார்டை ப்ராசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐஇ-யில் 5600ஜி 3.0 தலைமுறையோடு நின்றுவிடும். 6600 அந்தப் பாதையின் எட்டு லேனில் (தடத்தில்) மட்டும் ஓடும் கார்டு, அதற்கு 4.0 கிடைத்தால் நல்லது. அதனால்தான் மதர்போர்டும் 4.0 தரும் பி550. எப்படியும் தனி கார்டு போடப்போகிறவனுக்கு ஜி எதற்கு?

சென்னை ரிச்சி தெருவில் பவர் சப்ளைக்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கேபினெட்டோடு ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்றார் கடைக்காரர். "அது வேணாம்ணே, 550 வாட், 80 பிளஸ் ப்ரோன்ஸ் காட்டுங்க" என்று மின்திறன் தரச்சான்று உள்ளதைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. கார்டு இழுப்பது 132 வாட்தான். அதற்காகப் பெயர் தெரியாத பவர் சப்ளையை நம்ப முடியுமா?

ரேம் 8 ஜிபி இரண்டு, ப்ராசசர் பக்கமிருந்து 2, 4-ஆம் ஸ்லாட்டில். முதலில் 2400 வேகத்தில் ஓடியது. பயாஸ் செட்டிங்கில், ரேமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்பி-யைப் போட்டதும் 3200.

அப்புறம், "டேய், டிஸ்ப்ளே வரலடா" என்று ஒரு அலறல். மானிட்டர் கேபிளை போர்டில் சொருகியிருந்தான். 5600-இல் கிராபிக்ஸே கிடையாது, கார்டில் மாற்றியதும் வந்துவிட்டது. மானிட்டர் இன்னும் பழைய 60 ஹெர்ட்ஸ்தான். தீபாவளி போனஸ் வந்ததும் 144 வாங்குவானாம்.