மூன்றுக்கு ஐந்து இருக்கு

குழு: நம்ம வீடு

நான் (இஸ்தான்புல் நேரம் 3:08): படகை விட்டுவிட்டேன். கண் முன்னாலேயே போனது.

அம்மா: ஐயோ, எந்தப் படகு?

நான்: கடிக்கோயிலிருந்து எமினோனு போகிற மூன்று மணிப் படகு. அப்போது போனில் சார்ஜ் இல்லை, இங்கே உட்கார்ந்துதான் ஏற்றினேன். ஒரு தெய்ஸேயிடம் துருக்கிய மொழியில் "சாத் காச்", மணி என்ன என்று கேட்டேன். "உச்-எ பெஷ் வார்" என்றார். உச் மூன்று, பெஷ் ஐந்து. சரி, மூன்று ஐந்தாகிவிட்டது, படகு போயிருக்கும் என்று டீ வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

நான்: அப்போது மணி 2:55.

தம்பி: 😂😂

அத்தை: தெய்ஸே யார்?

நான்: அம்மாவின் அக்கா தங்கை. இங்கே வயதான பெண்கள் எல்லாரையுமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் ஹாலா, அப்பா வழி.

அத்தை: ஆன்ட்டி என்று ஒரே மூட்டையாகக் கட்டவில்லை, நல்லது. அந்த "வார்" என்ன?

நான்: இருக்கிறது. "எ" நம்ம "கு" மாதிரி. எவ் வீடு, எவ்-எ வீட்டுக்கு.

அத்தை: மூன்றுக்கு ஐந்து இருக்கு! தினமும் நாம் சொல்வதுதானே அம்மாடி, இதிலா குழம்பினாய்?

நான்: இங்கிலீஷ் வழியாக யோசித்துத் தொலைத்தேன் அத்தை. 3:05 என்றால் "உச்-உ பெஷ் கெச்சியோர்". மூன்றை ஐந்து தாண்டுகிறது.

அத்தை: இது இரண்டாம் வேற்றுமை, அது நான்காவது. வினையும் கடைசியில். பிறகென்ன?

தம்பி: மூன்றரைக்கு?

நான்: உச் புச்சுக். ஆனால் பன்னிரண்டரைக்கு மட்டும் எண்ணே கிடையாது, வெறும் "யாரம்", பாதி. போன வாரம் பதினொரு மணிக்குத் தோழி "யாரம்தா", பாதியில், வா என்றாள். அரை மணியில் வரச் சொல்கிறாள் என்று பதினொன்றரைக்கே போய் நின்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

அம்மா: சாப்பிட்டாயா?

நான்: சிமித் சாப்பிட்டேன்மா, எள் ஒட்டிய வளைய ரொட்டி. அத்தை, உங்களுக்கு இன்னொன்று. "கெல்தி" வந்தான். "கெல்மிஷ்" வந்தானாம். நேரில் பார்க்காததற்கு இந்த மிஷ். வந்தாளாம், வந்ததாம் எல்லாமே கெல்மிஷ்தான், ஆண்பால் பெண்பால் இல்லை.

அம்மா: வம்பு பேச வசதி.

அம்மா (இஸ்தான்புல் நேரம் 3:25): இங்கே ஆறுக்கு ஐந்து வார். விளக்கேற்றப் போகிறேன். அடுத்த படகையாவது பிடி.

நான்: அம்மா!! 👏 "அல்தி-யா பெஷ் வார்" என்று சொல்லணும்.

அத்தை: இரு இரு. "எ" எங்கே போச்சு? நடுவில் ய் எப்படி வந்தது?

நான்: முன்னால் வரும் உயிருக்கு ஏற்றபடி எ, ஆ ஆகும். அல்தி உயிரில் முடிவதால் இடையில் ஒரு ய்.

அத்தை: உடம்படுமெய்! மணி + ஐ = மணியை!

தம்பி: அத்தை இனி தூங்க மாட்டார்.

நான்: கேட்டைத் திறந்துவிட்டார்கள். டீ பாதியில் நிற்கிறது, ஓடுகிறேன்.